பொன்னுருக்கும் சிரட்டைத்தணலும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒரு விவாகம் நிச்சயமானால், முகூர்த்த தினத்துக்கு முன்னதாக வரும் ஒரு சுபநாளிலே, மணமகன் இல்லத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, மஞ்சளிலே பிள்ளையார் பிடித்து, பொற்கொல்லராகிய ஆசாரியாரை வரவழைத்துப் பொன்னுருக்குவது நெடுங்கால சம்பிரதாயமாகும். தாலிக்கென எடுத்துவைத்த பொன் நாணயம் சபையோர் முன்னிலையில் உருக்கப்பட்டு, உருகித் திரண்ட பொன் வெற்றிலை, பாக்கு, பூ, தேசிக்காயோடு தட்டத்தில் வைக்கப்பெற்று எல்லோருக்கும் காட்டப்படும். அன்று தொட்டு மணநாள் வரை மணமக்கள் ஒருவரையொருவர் காணலாகாது என்பது பெரியோர் விதித்த நியமம். இச்சடங்கை வருணித்தோர் நாளையும் நேரத்தையும் பூசைப் பொருட்களையும் விரித்துரைப்பர். அப்பொன்னை உருக்கிய நெருப்பைப் பற்றி நின்று பேசுவோர் அரியர். அந்நெருப்பு ஒரு மண்சட்டியிலே, உமியின்மேல் பரப்பிய சிரட்டைக்கரியிலே, ஒரு மனிதனின் மூச்சினாலே வளர்ந்த நெருப்பு. அதன் சரித்திரம் எழுதத் தக்கது என்பது என் துணிபு.

முதலில் நிலத்தை நோக்குக. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணக்கல்லின்மேல் சிறிதளவே மண் படிந்த இக்குடாநாட்டிலே பெருங்காடு என்று சொல்லத்தக்கது இல்லை. பாலையும் வீரையும் அடர்ந்த காடு ஆனையிறவுக்கு அப்பால் வன்னியிலே இருந்தது. ஆங்கிருந்து வரும் விறகு மாட்டுவண்டியில் நெடுந்தூரம் வரவேண்டும். 1905இல் கொழும்பிலிருந்து இருப்புப்பாதை முற்றுப்பெற்ற பின்னரும் விறகென்பது விலை கொடுத்து வாங்கும் பண்டமாகவே இருந்தது. குடாநாட்டின் சொந்த விருட்சங்களான பனையும் தென்னையுமோ வெட்டி எரிப்பதற்கு உரியனவல்ல. முதிர்ந்த பனை கூரைக்கு வளையும் சலாகையுமாயிற்று, தென்னை உணவுக்கு ஆதாரமாயிற்று. ஆகவே மரத்தை விட்டு, மரம் கழித்ததை எடுத்துக் கரியாக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. தேங்காய் துருவிய பின் எஞ்சிய சிரட்டை ஒன்று. பனங்கிழங்கைப் பிடுங்கி, உள்ளிருக்கும் மென்பருப்பாகிய பூரானை உண்டபின் எஞ்சும் வன்மையான கொட்டையாகிய ஊமல் மற்றொன்று. ஊமற்கரி பல்துலக்கவும் பயன்பட்டது. 1850இல் பனையைப் பற்றித் தனிநூல் எழுதி வெளியிட்ட வில்லியம் பெர்கூசன் அதன் பிரயோசனங்களை வியந்து உரைத்தார். அவர் வியந்தவற்றைச் செய்து வாழ்ந்தவர்களுக்கோ அது நித்திய ஜீவனமாயிருந்தது.

சிரட்டையைக் கரியாக்குவது எளிதுபோலத் தோன்றினும் கவனத்தை வேண்டும் வேலை. நிலத்தில் ஒரு குழி தோண்டி, உலர்ந்த சிரட்டைகளிற் சிலவற்றை அடியில் இட்டுத் தீமூட்டி, அது பற்றிய பின் மேலும் மேலும் சிரட்டை சொரிந்து குழியை நிரப்புவர். முதலிலே தடித்த வெண்புகை எழும். அஃது ஈரமும் எண்ணெய்ப்பசையும் வெளியேறும் காலம். புகை மெலிந்து நீலம் பாரிக்கும் தருணத்தை உற்றறிந்து, குழியின் வாயை நனைத்த சாக்கினாலும் மண்ணினாலும் உடனே மூடிவிட வேண்டும். முந்தினால் கரியில் புகை தங்கிவிடும்; பிந்தினால் கரி சாம்பலாகும். மறுநாள் ஆறிய பின்னரே குழி திறக்கப்படும். சரிவரச் செய்தால் இட்ட சிரட்டையின் நிறையில் ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு கரியாய்க் கிடைக்கும்.

இனி ஆசாரியாரின் சட்டிக்கு வருவோம். கன்னாதிட்டியிலும் தட்டாதெருப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பொன்வேலை செய்தோரின் பட்டறைகளிலே, உமி நிரப்பிய மண்ணோடுதான் உலை. உமியின் சாம்பலில் மணற்சத்து மிகுதியாகையால் அது வெப்பத்தைக் கீழே விடாது தடுக்கும். மெல்லக் கனன்று நெடுநேரம் நெருப்பைக் காக்கவும் செய்யும். அதன்மேல் அடுக்கும் கரியை முதலில் தட்டி ஏறக்குறைய ஒரே அளவினதாக்குவர். தூளைப் புடைத்து நீக்குவர், தூள் இடைவெளிகளை அடைத்துக் காற்றைத் தடுக்குமாதலால். ஈரங்கொண்ட கரி வெடித்துச் சிதறும் என்பதனால் அதனை வெயிலிற் காயவைத்தே எடுப்பர். கரியின் நடுவே குழிவு செய்து, பொன் உருக்கும் கிண்ணமாகிய மூசையை அமர்த்தி, அதனைச் சுற்றியும் மேலும் கரி வைத்து, தணல் பரவிய பின்னரே ஊதுகுழலை வாயில் வைப்பர். தொடக்கத்தில் மெல்ல ஊதுதல், தணல் செம்மையிலிருந்து மஞ்சளுக்கு மாறுங்கால் இடையறாது ஊதுதல், பொன் கலங்கி இளகும்போது வெண்காரம் தூவி மீண்டும் ஊதுதல் என்ற இக்கிரமத்தை எழுதிவைத்துக் கற்பிப்பதில்லை. தந்தையின் பக்கத்திலிருந்து மகன் கண்டு கற்பான். கன்னத்திலே காற்றைத் தேக்கி, அதனைக் குழல்வழி விடும்போதே மூக்கினால் மூச்சை உள்வாங்கும் வித்தை, நாதஸ்வரக்காரருக்கு உள்ளது போன்று, இவர்களுக்கும் உரியது. சாம்பலையும் கரித்தூசையும் வெம்மையையும் நாள்தோறும் உட்கொண்ட அந்த நெஞ்சுகளின் வருத்தத்தை நினையாமல் நகையின் அழகை மாத்திரம் புகழ்வது நியாயமன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

தூய பொன் உருகுவது 1064 பாகை செல்சியஸ் வெப்பத்திலே. யாழ்ப்பாணத்தார் பவுண் என்று வழங்கும் ஆங்கில நாணயத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு கலந்திருப்பதால் அது சற்றே முந்தி உருகும். தானாய்க் கிடக்கும் தணல் இவ்வளவு வெப்பத்தைத் தராது; காற்றூட்டியபோதே தரும். கரியின் உஷ்ணத்தைத் தீர்மானிப்பது கரியின் அளவைக் காட்டிலும் அதற்குள் செல்லும் காற்றின் அளவே என்ற உண்மையை நம் ஆசாரியார்கள் தம் மூச்சினால் அளந்து அறிந்திருந்தனர். அன்றியும், மூசையின் மேல் மூடிக்கிடக்கும் கரி, அருகில் வரும் ஒட்சிசனைத் தானே கவர்ந்துகொள்வதனால், பொன்னிற் கலந்த செம்பு கருகாமல் காக்கப்படுகிறது. சிரட்டைக்கரியில் சாம்பல் குறைவு, அடர்த்தி மிகுதி, புகை இல்லை. பூசை நடக்கும் இல்லத்திலே வைத்து ஊதுவதற்கு வேறெந்த எரிபொருள் இதனினும் தகுதியுடையது?

காற்றைக் கூட்டும் வித்தை ஒருபுறமிருக்க, அதனைக் குறைக்கும் வித்தையும் இந்நாட்டார்க்குக் கைவந்தது. திருவிதாங்கூர் வரை பெயர்பெற்ற யாழ்ப்பாணப் புகையிலையைக் குடிலில் அடைத்து, பொச்சுமட்டையையும் ஊமலையும் சுடர்விடாமல் புகையவைத்துப் பதப்படுத்தினர். சலவைத் தொழிலாளரின் இஸ்திரிப்பெட்டியிலோ இரண்டும் வேண்டும்: பெட்டியை முன்பின் வீசித் தணலை எழுப்புவர், பட்டுச்சேலை வரும்போது சாம்பல் படியவிட்டு அடக்குவர்.

பெரிய உலகமும் ஒருமுறை சிரட்டைக்கரியைத் தேடியது. முதலாம் உலக மகாயுத்தத்தில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகக்கவசங்களுக்கு அதுவே உத்தமமெனக் கண்டு, அது போதாமையால் 1918இல் அமெரிக்கர் பழக்கொட்டைகளையும் திரட்டினர்.

நம் வீடுகளுக்கு அது திரும்பி வந்ததோ துன்பத்தின் வழியாக. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்று, பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாகி, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டுப் பிள்ளைகள் படித்த ஆண்டுகளிலே, மூலையிற் போட்டிருந்த கரி இஸ்திரிப்பெட்டிகள் துடைக்கப்பட்டன. எறிந்த சிரட்டைகள் மீண்டும் சேர்க்கப்பட்டன. வன்னிப் பாதை அடைபட்டு விறகும் அருகியது. ஆயிரக்கணக்கான பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டுண்டு சாய்ந்ததும் அக்காலத்தேதான். அவ்விழப்பை நினைக்கையில் மனம் இன்றும் பதறுகிறது. ஆயினும் மூதாட்டிமார் அறிந்திருந்த தணல்காக்கும் முறைகள், இரவில் சாம்பலால் மூடி விடியலில் ஊதி எழுப்பும் வழக்கம் உட்பட, அன்று பல குடும்பங்களின் அடுப்பை அணையாது காத்தன.

இப்போது பட்டறைகளில் வாயுச்சுடர் வந்துவிட்டது. அது விரைவானது, நெஞ்சுக்கும் நலமானது, அதனை வரவேற்கவே வேண்டும். பொன்னுருக்கலையும் நகைக்கடையிலே சில நிமிஷங்களில் முடித்துக்கொள்வோர் பெருகியுள்ளனர். இதற்கிடையே, ஜப்பானியரின் கமாடோ அடுப்பின் வழிவந்த தடித்த பீங்கான் அடுப்புகளைத் தம் வீட்டுப் பின்புறத்தில் வைத்து, கீழ்த்துவாரத்தையும் மேல்துவாரத்தையும் சிறிது சிறிதாகத் திறந்தும் மூடியும் கட்டிக்கரியின் வெப்பத்தை ஆளும் முறையை மேல்நாட்டார் ஆர்வத்தோடு பயில்கின்றனர். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம்மவரிலும் அதைப் பயில்வோர் இருப்பர். வெப்பத்தை விடாத மண்பாத்திரம், அளவொத்த கரி, அளந்த காற்று என்ற அம்மூன்றும் அவர்தம் பாட்டனார் காலத்துப் பொன்னுருக்கும் சட்டியிலே இருந்தவையே. ஒன்றை மட்டும் அவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்வேன்: கதவடைத்த அறையிலே கரித்தணலை வைக்காதீர்கள், மணமற்ற நச்சுவாயு அதிலிருந்து எழுந்து உயிரைப் போக்கும்.

கன்னாதிட்டியிலும் பிற இடங்களிலும் ஊதுகுழலோடு வாழ்ந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களிடம் சென்று, கரி தேர்ந்த விதத்தையும் உமி நிரப்பிய விதத்தையும் கேட்டு எழுதி, அவர்கள் பயன்படுத்திய ஓட்டையும் குழலையும் மூசையையும் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட்சாலை போன்ற இடங்களில் பெயரோடும் விளக்கத்தோடும் வைப்பதற்கு ஆவன செய்யுமாறு யாழ்ப்பாணத்து இளைஞர்களையும் ஆசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.