எக்ஸ்ரன்
லினக்ஸ் கணினியில் இசை பதிகையில், ஒலி அட்டை வேண்டும் கணத்தில் மென்பொருள் தரவைக் கொடுத்து முடியாமையால் எழும் 'டிக்' என்னும் துண்டிப்பே எக்ஸ்ரன் எனப்படும். பால் டேவிஸ் இயற்றிய ஜாக் என்னும் ஒலிச் சேவையகம் இதனை எண்ணிக் காட்டும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்குமிடத்து, 256 மாதிரி கொள்ளும் பஃபர் (தற்காலிகத் தரவுக்கிடங்கு) 5.3 மில்லிவிநாடியிலும் 1024 கொள்வது 21.3 மில்லிவிநாடியிலும் நிரம்புமாதலால், முன்னதில் துண்டிப்பும் பின்னதில் தாமதமும் மிகும். யாழ்ப்பாணத்து அளவெட்டியிலோ இணுவிலிலோ தவில் பதிவோர்க்கு இத்தாமதமே பெருங்கஷ்டம், ஏனெனில் தவிற்காரர் செவி அத்தனை சூட்சுமமானது. துண்டிப்பைப் போக்கப் பஃபரைப் படிப்படியாக உயர்த்துதலும், பயனரை 'ஆடியோ' குழுவிற் சேர்த்து நிகழ்நேர முன்னுரிமை அளித்தலும் பிரதான பரிகாரங்கள். ஒலியே எழாவிடின், ஜாக்கும் பல்ஸ்ஆடியோ என்னும் மற்றோர் ஒலிச் சேவையகமும் ஒரே அட்டைக்குப் போட்டியிடுகின்றனவா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். 2023இல் 1.0 பதிப்பு வெளியான பைப்வயர் இவ்விரண்டின் ஸ்தானத்தையும் தானே ஏற்கிறது.