முக்குளிப்புக் கருவிகளின் மின்கலங்கள்

ஸ்கூபா முக்குளிப்பில் பயன்படும் மின்னணுக் கருவிகளுக்கு மின்னாற்றல் வழங்கும் கலங்கள் முக்குளிப்புக் கருவி மின்கலங்கள் எனப்படுகின்றன. முக்குளிப்புக் கணினி, காற்று உருளையின் அழுத்தத்தை அறிவிக்கும் கம்பியில்லாச் செலுத்தி, நீரடிக் கைவிளக்கு ஆகியன இவ்வகைக் கருவிகளுள் முதன்மையானவை. கைக்கடிகாரத்தின் மின்கலத்தை மாற்றுவது போன்ற எளிய வேலையாகத் தோன்றினாலும், இவற்றின் மின்கலங்களை மாற்றுவதில் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று, கருவிக்குள் நீர் புகுதல். மற்றொன்று, முக்குளிப்பவரின் உடலில் எஞ்சியுள்ள நைட்ரசன் பற்றிய கணக்கு கணினியிலிருந்து அழிந்துவிடுதல்.

பின்னணி

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகின்றது. 40 மீட்டர் ஆழத்தில் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து ஏறத்தாழ 5 பார் அழுத்தம் இருக்கும். இவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரசன் உடல் திசுக்களில் கரைகின்றது. முக்குளிப்பவர் விரைவாக மேலெழுந்தால் அது குமிழ்களாக வெளிப்பட்டு அழுத்தத் தளர்வு நோயை உண்டாக்கலாம். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை இந்நோயின் விளைவுகள் அமையலாம். சில வேளைகளில் இறப்பும் நேரலாம்.

இதனைத் தவிர்க்க, 1908 ஆம் ஆண்டில் ஹால்டேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின் வழிவந்த அட்டவணைகள் நெடுங்காலம் பயன்பட்டன. 1983 இல் ஓர்க்கா எட்ஜ் போன்ற கணினிகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் இக்கணக்கீடு படிப்படியாக மின்கலத்தால் இயங்கும் கருவிகளின் பொறுப்பாயிற்று.

வகைகள்

கைக்கடிகார வடிவக் கணினிகள் பலவற்றில் 3 வோல்ட் லித்தியம் நாணய மின்கலம் உள்ளது. இதன் குறியீட்டிலிருந்தே அளவை அறியலாம். சிஆர்2450 என்பதில் 'சி' லித்தியம்-மாங்கனீசு டை ஆக்சைடு வேதியமைப்பையும், 'ஆர்' வட்ட வடிவத்தையும் குறிக்கும். 24 என்பது விட்டம் ஏறத்தாழ 24 மி.மீ. என்பதையும், 50 என்பது தடிமன் 5.0 மி.மீ. என்பதையும் காட்டும். இதுபோலவே சிஆர்2032 மின்கலம் 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் உடையது. கம்பியில்லாச் செலுத்திகள் பலவற்றில் சிஆர்2 என்னும் உருளை வடிவ மின்கலம் இடப்படுகின்றது. சில கணினிகள் ஏஏ மின்கலத்தாலும், வேறு சில மீள்மின்னேற்றத்தக்க லித்தியம்-அயனி மின்கலத்தாலும் இயங்குகின்றன.

மாற்ற வேண்டிய நேரம்

குளிரில் மின்கலத்தின் உட்தடை கூடுவதால் அதன் மின்னழுத்தம் தாழ்கின்றது. ஆகவே அறை வெப்பநிலையில் போதிய மின்னேற்றம் காட்டும் மின்கலம் குளிர்ந்த நீரில் எச்சரிக்கை காட்டலாம். திரையின் ஒளியும் எச்சரிக்கை ஒலியும் கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால் அவ்வேளைகளிலும் குறைபாடு வெளிப்படும். எச்சரிக்கை தோன்றிய பின் முக்குளிக்கக் கூடாது.

நைட்ரசன் கணக்கு அழிதல்

பியூல்மனின் இசட்எச்-எல்16 கணிப்பு முறை உடலை 16 திசுப் பிரிவுகளாகக் கொள்கின்றது. மிக மெதுவான பிரிவின் அரைக்காலம் 635 நிமிடம். இரண்டு அரைக்காலங்கள், அதாவது ஏறத்தாழ 21 மணி நேரம் கடந்த பின்னும், அப்பிரிவில் ஏறிய மிகை நைட்ரசனில் கால் பங்கு எஞ்சியிருப்பதாக இம்முறை கணிக்கின்றது.

பல கணினிகளில் மின்கலத்தைக் கழற்றியதும் இக்கணக்கு அழிந்துவிடும். காலையில் முக்குளித்த ஒருவர் படகிலேயே மின்கலத்தை மாற்றி மீண்டும் இறங்கினால், கணினி அவரை அன்று முக்குளிக்காதவராகவே கருதும். அது பாதுகாப்பான அளவைவிட நீண்ட நேரத்தை அனுமதிக்கும். திரையில் எந்தப் பிழையும் தெரியாது. சில கருவிகள் மின்கல மாற்றத்தின்போதும் கணக்கைக் காப்பதால், கையேட்டைப் பார்த்து இதனை உறுதி செய்ய வேண்டும். கணக்கைக் காக்காத கருவியாயின், அது காட்டும் நைட்ரசன் வெளியேற்ற நேரம் முடிந்த பின்னரே மின்கலத்தை மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை

* கருவியை நன்னீரில் அலசி, முழுவதும் உலர்த்திய பின் மூடியைத் திறக்க வேண்டும்.
* பழைய ஓ-வளையத்தை நீக்கி, தயாரிப்பாளர் குறிப்பிடும் புதியதை இட வேண்டும். கூரிய உலோகக் கருவி வளையம் அமரும் பள்ளத்தைக் கீறிவிடும்.
* ஒரு மயிரிழையோ மணல் துகளோ வளையத்தின் அடியில் சிக்கினால் நீர் கசியும்.
* மசகு தேவையெனில் மெல்லிய படலமே போதும். சிலிக்கோன் மசகு சிலிக்கோன் வளையத்தை உப்பச் செய்யும். பெட்ரோலிய மசகு ஈபிடிஎம் வளையத்தைக் கெடுக்கும்.
* நேர், எதிர் முனைகளைச் சரிபார்த்து மின்கலத்தை இட வேண்டும்.
* நேரம், அலகு, சுவாச வளிமத்தின் ஆக்சிசன் விழுக்காடு ஆகிய அமைப்புகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வாளி நீரில் அமிழ்த்திப் பார்ப்பது பெருங்கசிவை மட்டுமே காட்டும். ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குமா என்பதை அழுத்தக் கலத்தில் வைத்தே அறிய இயலும். சில கருவிகளைப் பழுதுபார்ப்பு நிலையத்தில் மட்டுமே திறக்கலாம்.

பாதுகாப்பு

மின்கல அறையில் உப்புநீர் புகுந்தால் மின்பகுப்பினால் ஐதரசன் உண்டாகி உள்ளே அழுத்தம் பெருகலாம். இது குறிப்பாகக் கைவிளக்குகளில் நேரக்கூடும். அத்தகைய கருவியின் மூடியை முகத்துக்கு எதிராக வைத்துத் திறக்கக் கூடாது. அதற்கு மின்னேற்றம் செய்யவும் கூடாது.

கழற்றிய நாணய மின்கலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கப்பட்ட மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திற்குள் கடுமையான புண்ணை உண்டாக்கலாம். ஆகவே உடனடி மருத்துவ உதவி இன்றியமையாதது.