கடன் தண்டலும் கூலிப் பற்றுகையும்

கடன் என்னும் சொல் பண்டைத் தமிழில் முதற்கண் கடமையையே குறித்தது. பொன்முடியார் பாடிய புறப்பாட்டில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரியனவாகக் கூறப்படும் கடன்கள் பொருட்கடன் அல்ல. தண்டல் என்னும் சொல்லும் இவ்வாறே பொருள் மாறியது. சோழர் கல்வெட்டுக்களில் இறை திரட்டுதலைக் குறித்த அச்சொல், இன்று கீழ்பென்னாத்தூர் போன்ற வடதமிழகத்து ஊர்களில், கடைதோறும் நாளும் வந்து வாங்கிச் செல்லும் வட்டிக் கடனுக்குப் பெயராய் வழங்குகின்றது. கடன் கொடுத்தவன் எதனைப் பற்றலாம்? உடலையா, உடைமையையா, உழைத்த கூலியையா? இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சேக்கிழார் பாடும் வழக்கினை யாவரும் அறிவர். முதிய வேதியர் ஒருவர் சுந்தரரைத் தம் அடிமை என்கின்றார். பாட்டனார் எழுதித் தந்த ஓலையைச் சான்றாகக் காட்டுகின்றார். சுந்தரர் அதனைக் கிழித்தெறிய, அது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூறுகின்றார். அவையத்தார் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றினை வினவி, பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு அம்மூல ஓலையை ஒப்புநோக்கியே தீர்ப்பு வழங்கினர். அது கடனோலை அன்று, ஆளோலை. ஆயினும் ஒருவன் எழுதிய ஓலை அவன் வழியினரின் உடலையும் உழைப்பையும் பற்றும் என்பதை அவ்வவையம் வியப்பாகக் கருதவில்லை. அந்தணர் அடிமையாதல் உண்டோ என்பதே அங்கு எழுந்த ஐயம். மனிதர் அடிமையாதல் உண்டோ என்பதன்று.

இது புராணக் கற்பனை மட்டுமோ எனின், அன்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சம் தாங்காத வேளாளர் ஒருவர் தம் மகளிர் இருவருடன் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமை புகுந்த செய்தியைச் சோழநாட்டுத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு உரைக்கின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ வேறொரு வழக்கத்தை எழுதியுள்ளார். பலகால் தவணை கூறி ஏய்ப்பவனைக் கடன் கொடுத்தவன் கண்டவிடத்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்த்தோ பிணை கொடுத்தோ அன்றிக் கடனாளி அவ்வட்டத்தைக் கடத்தல் ஆகாது. கடந்தால் கொலைத் தண்டம். அயல்நாட்டு வணிகன் ஒருவன், தனக்குப் பொருள் தரவேண்டிய அரசனையே குதிரையோடு சேர்த்து வட்டத்துள் நிறுத்தினான். பொருள் வரும்வரை அரசன் அசையவில்லை. பசிய மரக்கிளையால் வட்டமிடும் இவ்வழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் வர்த்தேமா கள்ளிக்கோட்டையிலும் கேட்டெழுதினார். அரசனுக்கும் குடிக்கும் ஒரே வட்டம் என்பது பாராட்டற்குரியதே. ஆனால் அரசனுக்குக் கருவூலம் இருந்தது. குடிக்கு யாது இருந்தது?

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இக்கேள்விக்கு ஒருவாறு விடை கூறுகின்றது. உடுக்கும் துணி, சமைக்கும் கலம், படுக்கை, சமய வழக்கால் மகளிர் நீக்கலாகாத அணி, உழவனின் கருவியும் மாடும் விதைத் தானியமும் ஜப்திக்கு உட்படா. கூலியாளின் கூலியும் வீட்டுப் பணியாளின் ஊதியமும் முற்றும் விலக்கப்பட்டுள்ளன. மாதச் சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் காப்புடையன. சம்பளம் 16,000 எனின் 5,000 மட்டுமே பற்றத்தகும். ஜீவனாம்சத் தீர்ப்பாயின் கணக்கு வேறு. ஒரே தீர்ப்பின்மேல் 24 மாதம் பற்றிய பின் அத்தீர்ப்புக்காக மேலும் பற்றுதல் கூடாது. சிறை பற்றிய பிரிவு நீங்கவில்லை எனினும், வறுமையால் செலுத்த இயலாதவனைச் சிறையிடல் தகாது என 1980இல் உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உரைத்தது. இதற்கு முன்னரே, இராஜாஜி அமைச்சரவையின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் உழவர் கடன்களில் 1937 அக்டோபர் முதல் நாள்வரை நிலுவையாயிருந்த வட்டியைத் தள்ளியது.

இக்காப்பெல்லாம் நீதிமன்றத்திற்கு வரும் கடனுக்கே பயன்படும் என்பதை மறத்தலாகாது. அரிசி ஆலையிலும் செங்கற் சூளையிலும் முன்பணம் வாங்கியவரின் கூலி, அவர் கைக்கு வருமுன்னரே கழிக்கப்படுகின்றது. அங்கே தீர்ப்பும் இல்லை, அமீனாவும் இல்லை. 60ஆம் பிரிவு வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றது. கொடுப்பவனே கூலி தருபவனாகவும், கணக்கன் ஆகவும், தண்டுபவனாகவும் இருப்பதே இதற்குக் காரணம். இந்நிலைக்கென எழுந்தது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அது கழித்த தொகையைக் கணக்கிடுவதில்லை. கொத்தடிமைக் கடனே அழிந்தது என்கின்றது. மீட்கப்பட்டவர்க்குக் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றில் பெயரும் ஊரும் எழுதப்படுகின்றன. ஆளோலையிலும் அவை எழுதப்பட்டன.