யார் சமைத்தது? வட்டுக்கோட்டை செமினறி விடுதியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசிக்கலாம்.

ஊர்காவற்றுறையில் பாதை ஏறிக் காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலம் தாண்டிப் போனால் வட்டுக்கோட்டை வரும். அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி நிற்கும் வளவை எங்களில் பலர் பஸ்ஸில் இருந்தாவது பார்த்திருப்போம். அந்தக் கல்லூரி தொடங்கியது 1872இல். அதற்கு முன்பே, 1823 முதல் 1855 வரை, அங்கே வட்டுக்கோட்டை செமினறி என்ற விடுதிக் கல்விக்கூடம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கே படிப்பித்த கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், சமஸ்கிருதம் பற்றித்தான் பெருமையாகச் சொல்லுவார்கள். எனக்கு அந்த விடுதிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பெற்றோருக்கும் மிஷனுக்கும் இடையில் உண்மையான பேரம் நடந்தது அங்கேதான்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் குடியேறினார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் இருந்து இடிந்து கிடந்த தேவாலயங்களையும் வீடுகளையும் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குள் பகல் பள்ளிக்கூடங்களும் தொடங்கினார்கள். ஆனால் பகலில் படிக்கும் பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் திருநீறு, கோயில், பாட்டியின் கதை எல்லாம் காத்திருக்கும். பிள்ளையை முழுதாகத் தங்கள் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் விடுதி வேண்டும் என்று மிஷனரிமார் நினைத்தார்கள்.

பெற்றோரின் கணக்கு வேறு. சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் இலவசம். ஆங்கிலம் தெரிந்தால் கச்சேரியில் உத்தியோகம் கிடைக்கும். அந்தக் கணக்கில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றும் நாங்கள் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

மிஷனரிமார் இதைக் கல்லூரியாகவே நடத்த விரும்பினார்கள். இலங்கையை ஆண்ட பிரித்தானிய அரசு, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், அதற்கு இடம் கொடுக்கவில்லை. அமெரிக்கரை அவர்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் செமினறி என்ற பெயர். முதல் அதிபர் டானியல் பூர்.

இனி சமையலுக்கு வருவோம். விடுதிகள் தொடங்கிய காலத்தில் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொட மறுத்தார்கள். பெரும்பாலானவர்கள் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். கிறிஸ்தவர் வீட்டில் சாப்பிட்டால் சாதி போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. பக்கத்தில் ஒரு சைவக் குடும்பத்தின் காணியில் சமையல் கொட்டில் போட்டு, சைவச் சமையற்காரரை வைத்துச் சமைத்தார்கள். பிள்ளைகள் பாடத்தை மிஷன் வளவில் படித்தார்கள், சோற்றை வேலிக்கு அப்பால் தின்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். காசு கொடுப்பது அமெரிக்கன், அரிசி வாங்குவது மிஷன். ஆனால் அடுப்பு யாருடையது என்பதைப் பெற்றோர் தீர்மானித்தார்கள். இதை நான் முழுக்கப் பாராட்டவும் இல்லை. பிள்ளையின் சமயத்தைக் காப்பாற்றிய அதே வேலி, சாதி குறைந்தவன் என்று சொல்லப்பட்டவனின் பிள்ளையை வெளியே நிறுத்தியும் வைத்தது. காலப்போக்கில் சமையல் மிஷன் வளவுக்குள் வந்துவிட்டது. சாதி மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நூறு வருஷம் கழித்து, 1924இல், ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் மாணவர் காங்கிரஸைத் தொடங்கியபோதும் சமபந்தி போசனம் ஒரு போராட்டமாகத்தான் இருந்தது.

பேரத்தின் அடுத்த பாகம் பெயர். விடுதியில் ஒரு பிள்ளையைத் தாபரிக்க அமெரிக்காவில் ஒரு குடும்பமோ ஒரு சபையோ வருஷா வருஷம் காசு அனுப்பும். அனுப்புகிறவர்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். 1841இல் வந்த உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று படிக்கும்போது வெள்ளைக்காரர் என்றுதான் தோன்றும். இரண்டு பேரும் செமினறியில் படித்த தமிழர்! அளவெட்டிக் கனகசபைப் புலவருக்கு ஜெரமையா எவார்ட்ஸ் என்று பெயர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்தவரின் பெயர் அது. விசுவநாதபிள்ளை டானியல் கரோல் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார்.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை, சார்ல்ஸ் வின்ஸ்லோ ஆனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர் இவரும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான். பிறகு தாமோதரம்பிள்ளை சைவராகவே வாழ்ந்து, ஏடுகளில் கிடந்த தொல்காப்பிய உரையையும் 1887இல் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தார். எங்களுக்கு அவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்று விரித்துச் சொல்லுவோம். சார்ல்ஸ் வின்ஸ்லோ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வாயால் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து அதே ஓசை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு கொஞ்ச நேரம் அமைதியாகி விடுவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு உடுவிலில் 1824இல் ஹரியற் வின்ஸ்லோ விடுதிப் பாடசாலை தொடங்கினார். செமினறிப் பையன்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவிமார் வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நோக்கம் எதுவாக இருந்தாலும், பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரில் எழுதத் தெரிந்த தாய்மார் உருவானார்கள். அங்கே 1840 முதல் ஏறத்தாழ நாற்பது வருஷம் இருந்த எலைசா அக்னியூவை ஆயிரம் பெண் பிள்ளைகளின் தாய் என்று சொல்லுவார்கள்.

விடுதியில் அடைத்து வைத்துப் படிப்பித்தால் சைவம் கரைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அவ்வளவாகப் பலிக்கவில்லை. 1829இல் ஒரு சந்திர கிரகணம். வட்டுக்கோட்டைப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார் குறித்த கணக்குக்கும் பூர் போட்ட கணக்குக்கும் வித்தியாசம் இருந்தது. அன்றிரவு பூரின் கணக்கே சரி வந்தது. பெரிய வெற்றி என்று மிஷன் நினைத்தது. பையன்கள் வானசாஸ்திரத்தை நன்றாகவே படித்தார்கள், பலர் சமயத்தை விடவில்லை. அடுத்த அதிபர் ஹொய்சிங்டன் தானே தமிழ்ச் சோதிட நூல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1848இல் வெளியிட்டார்.

மிஷன் பள்ளிக்கூடங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. மிஷன் பாடசாலையில் படித்த ஆறுமுக நாவலரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எங்கள் ஆட்களுக்கும் அதே பயம்தான். மார்க்கம் போய்விடும் என்று ஆங்கிலப் படிப்பையே ஒதுக்கி வைத்தோம். சித்தி லெப்பை 1880களில் அதற்கு எதிராக எழுதியும், முஸ்லிம் பாடசாலைகள் தொடங்கியும் போராடினார். அந்த ஒதுக்கலின் நட்டத்தைப் பல தலைமுறைகள் கட்டின. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். அவருடைய மார்க்கம் எங்கேயும் போகவில்லை. அவர் 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கென்று ஒரு புலமைப்பரிசில் நிதியம் தொடங்கினார். பெயரை மாற்றச் சொல்லாத காசு அது.

செமினறியின் முடிவு சோகமானது. 1855இல் அமெரிக்காவில் இருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான குழு, ஆங்கிலம் படித்த பையன்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டு மூடச் சொன்னது. அதாவது பெற்றோரின் கணக்கு வென்றதால் மிஷன் கதவைச் சாத்தியது. அங்கே படித்தவர்களே பிறகு முன்நின்றுதான் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க ஆசைப்படும் தீவுப் பிள்ளைக்கு இன்றும் விடுதி, இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை. விடுதி பற்றிப் பெற்றோரிடம் பேசினால் உம்மாமார் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியல்ல. "அங்க யார் சமைக்கிறது சேர்? எங்கட பிள்ளை திங்கலாமா?" இதைப் பிற்போக்கு என்று சிரிக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இருநூறு வருஷமாக இந்த மண்ணில் பெற்றோர் கேட்டு வரும் கேள்வி அது. அதற்குச் சரியான பதில் கொடுத்த விடுதிக்குப் பிள்ளைகள் போனார்கள். ஹலாலான ஒரு கறிச்சட்டியும் தொழ ஒரு மூலையும் பெரிய செலவு இல்லை. ஒரு பிள்ளை படிப்பை நிறுத்துவதற்கு அது காரணமாக இருக்கக் கூடாது.

உங்கள் வீடுகளில் விடுதியில் இருந்து படித்த பெரியவர்கள் இருந்தால், எந்த விடுதி, என்ன சாப்பாடு, யார் சமைத்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.