நீக்கப்பட்ட காட்சியும் கோதிக் திகில் திரைப்படமும்

நீக்கப்பட்ட காட்சி என்பது படம்பிடிக்கப்பட்ட பின்னர், திரையிடப்படும் வடிவத்தில் இடம்பெறாமல் போன காட்சி ஆகும். படத்தின் நீளம், தணிக்கை, இயக்குனரின் மனமாற்றம் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, பழைய குற்றம் ஆகியவற்றைக் கொண்டு கதை சொல்லும் கோதிக் திகில் படங்களில் இந்நீக்கம் தனி முக்கியத்துவம் பெறுகின்றது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதையே இப்படங்கள் நம்பியிருப்பதால், ஒரு நிமிடக் காட்சி போனாலும் அச்சத்தின் தன்மை மாறிவிடக்கூடும்.

பிராங்கென்ஸ்டைன்: ஏரிக்கரைக் காட்சி

இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, மேரி ஷெல்லியின் 1818 ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் 1931 இல் வெளியிட்ட பிராங்கென்ஸ்டைன் ஆகும். பிணங்களின் உறுப்புகளால் உருவாக்கப்பட்ட உயிரினமாக போரிஸ் கார்லோஃப் நடித்தார். தப்பியோடும் அவ்வுயிரினம் ஏரிக்கரையில் மரியா என்னும் சிறுமியைச் சந்திக்கின்றது. அவள் அஞ்சாமல் அதனுடன் விளையாடுகிறாள். இருவரும் பூக்களை நீரில் எறிகின்றனர், அவை மிதக்கின்றன. பூக்கள் தீர்ந்ததும், அவளும் அவ்வாறே மிதப்பாள் என்று எண்ணி அது சிறுமியைத் தூக்கி நீரில் எறிகின்றது. அவள் மூழ்கிவிட, செய்வதறியாது தவித்து அங்கிருந்து ஓடுகின்றது.

அமெரிக்க மாநிலத் தணிக்கைக் குழுக்கள் சில இக்காட்சியை ஏற்கவில்லை. 1934 க்குப் பின் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாக்கப்பட்டபோது, மறுவெளியீட்டுப் படிகளிலும் இது வெட்டப்பட்டது. உயிரினம் சிறுமியை நோக்கிக் கைகளை நீட்டுவதோடு காட்சி முடிந்தது. அதன்பின் பார்வையாளர் கண்டது, திருமணக் கொண்டாட்டத்தின் நடுவே மகளின் உடலைச் சுமந்துவரும் தந்தையை மட்டுமே.

சிறுவர் மனத்தைக் காக்கும் நோக்கில் செய்யப்பட்ட இவ்வெட்டு நேர்மாறான பயனைத் தந்தது எனலாம். இடையில் நடந்தது என்னவென்று தெரியாத பார்வையாளர், படத்தில் இருந்ததைவிடக் கொடிய ஒன்றைத் தாமே கற்பனை செய்துகொள்ள நேர்ந்தது. பதற்றம் கூடியது உண்மை. ஆனால் அறியாமையால் நேர்ந்த பிழை, திட்டமிட்ட கொடுமையாகத் தோற்றம் பெற்றது. இறுதியில் காற்றாலையில் தீ மூட்டப்படும்போது இரங்க வேண்டியவர்கள் நிம்மதி அடைந்தனர். நீக்கப்பட்ட பகுதி பிரித்தானிய ஆவணக்காப்பகப் படியொன்றில் கிடைத்து, 1980களிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பலர் பார்த்தது வேறொரு கதை.

தி ஷைனிங்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய தி ஷைனிங் (1980) மறுதிசையில் செல்கின்றது. பனியில் உறைந்த நாயகனுக்கும் விடுதிச் சுவரில் தொங்கும் 1921 ஆம் ஆண்டு ஒளிப்படத்திற்கும் இடையே ஒரு மருத்துவமனைக் காட்சி இருந்தது. விடுதி மேலாளர் நாயகனின் மனைவியைப் பார்க்க வருவார். சிறுவனுக்கு ஒரு பந்தைத் தருவார். படம் வெளியாகி ஓரிரு வாரங்களுக்குள் இயக்குனரே இதனை நீக்கினார். விளக்கத்திற்கு இடந்தராமல் படம் ஒளிப்படத்திலேயே நின்றுவிடுவதால், புதிர் பார்வையாளருடனேயே வீட்டிற்கு வருகின்றது. இங்கு நீக்கத்தால் எவர்மீதும் பழி விழவில்லை.

சந்திரமுகி

தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பி. வாசு இயக்கிய சந்திரமுகி (2005) ஆகும். இதன் மூலம், பாசில் இயக்கிய மலையாளப் படமான மணிச்சித்திரத்தாழ் (1993). இங்கு உள்ளது வெட்டப்பட்ட காட்சி அன்று, காட்டாமல் மறைக்கப்பட்ட காட்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாளிகையில் நிகழும் விபரீதங்களின் விளைவு காட்டப்படுகின்றது, செய்தவர் காட்டப்படுவதில்லை. ஐயம் வேறொரு பெண்மீது திருப்பப்படுகின்றது. கங்கா இரவில் எழுந்து நடக்கும் ஒரு காட்சி முற்பகுதியில் இடம்பெற்றிருந்தால் மர்மம் அங்கேயே முடிந்திருக்கும். மறைத்ததைப் பிற்பாதியில் படமே வெளிப்படுத்திவிடுவதால் ஐயத்திற்கு உள்ளான பெண்மீதான பழி நீங்குகின்றது. மரியாவின் காட்சியை வெட்டிய படிகளில் அத்தகைய விடுவிப்பு உயிரினத்திற்குக் கிட்டவில்லை.

இந்தியாவில் 1952 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி நடுவண் தணிக்கை வாரியம் வெட்டுகளைக் கோரலாம். அவை சான்றிதழில் குறிக்கப்படும். வாரியத்திற்குச் செல்லும் முன்பே படத்தொகுப்பு அறையில் கைவிடப்பட்டவை இதில் இடம்பெறா.