எட்டு வினாடியும் முழங்கைத் தாங்கியும்

1962இல் புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் சில எங்கள் பகுதியில் உண்டு. அப்படியொரு வீட்டுப் பையன் சென்ற கோடை விடுமுறையில் பாரிசிலிருந்து கோட்டுச்சேரிக்கு வந்தான், தன் டிரையத்லான் மிதிவண்டியோடு. கைப்பிடிக்கு முன்னே இரண்டு கொம்புகள். அவற்றின் பின்முனையில் முழங்கை ஊன்ற இரு மெத்தைகள். மெத்தை தாழ்ந்திருப்பதால் கழுத்து வலிக்கிறதென்றான். கடைத்தெருச் சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"நடுவுல வாஷர் அடுக்கித் தூக்கிடலாம் தம்பி. ஆனா பழைய போல்ட்டையே போட்டா மரை ரெண்டு சுத்துதான் பிடிக்கும். நீள போல்ட் வேணும்."

இந்தக் கொம்புகளின் வரலாறும் உடல் நோவை ஒட்டியே தொடங்குகிறது. 1986இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் நெடும்பந்தயத்தில் பீட் பென்சீரஸ் முழங்கைகளை ஊன்றியபடி ஓட்டி வென்றார். நாட்கணக்கில் ஓட்டுபவரின் உள்ளங்கை மரத்துப்போகாமலிருக்க அது உதவியது. காற்றைக் கிழிக்கும் பயனை முதன்மையாக்கியவர் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பூன் லென்னன். சரிவில் இறங்குவோர் கைகளை முன்நீட்டிக் குறுகுவதை அவர் மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். 1987இல் ஸ்காட் நிறுவனம் அவர் வடிவமைத்த கைப்பிடியை விற்பனைக்கு விட்டது. சமதளத்தில் வேகமாக ஓட்டுபவனின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே விழுங்குகிறது. அந்தக் காற்றை மறிப்பதும் வண்டியைவிட அவன் உடல்தான். டிரையத்லான்காரர்கள் அதை உடனே பற்றிக்கொண்டார்கள். மரபில் ஊறிய சாலைப் பந்தயக்காரர்கள் ஏளனமாகப் பார்த்தார்கள்.

1989 ஜூலை 23. வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. தனியோட்டம், பிரான்சு சுற்றுப்பந்தயத்தின் கடைசி நாள். பிரெஞ்சு வீரர் லோரான் பின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமோன் அவரைவிட 58 வினாடி விரைவாக ஓட்டி, 8 வினாடியில் மொத்தப் பந்தயத்தையும் வென்றார். அவர் வண்டியில் அந்தக் கொம்புகள் இருந்தன. பின்யோன் தலைக்கவசமும் இன்றி, குடுமி காற்றில் பறக்க, பழைய முறையில் ஓட்டினார். இருக்கைப் புண் வேறு அவரை வாட்டியது.

கருவி தோற்கடித்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அதே பந்தயத்தின் ஐந்தாம் கட்டத்தில், ரென் நகருக்கான 73 கி.மீ. தனியோட்டத்தில், லெமோன் இதே கொம்புகளோடு வென்றிருந்தார். பின்யோன் அணிக்கு அதன்பின் இரண்டு வாரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. கண்ணெதிரே இருந்ததை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் எண்ணம். 2010இல் பின்யோன் மறைந்தபோதும் செய்தியாளர்களுக்கு அந்த எட்டு வினாடியே நினைவுக்கு வந்தது. இருமுறை அப்பந்தயத்தை வென்றவர் அவர்!

பையன் பொறையார் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திரும்பினான். கழுத்து சரி, இப்போது மார்பில் காற்று முட்டுகிறது என்றான். கடைக்காரர் ஒரு வாஷரைக் கழற்றினார்.