ஒரு ஹொக்கி அணியை வின்னிபெக் தாங்குமா?

எங்கள் ஊரில் ஐம்பது வருடமாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. அண்மையில் முதியோர் ஒன்றுகூடலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், "ஜெற்ஸ் திரும்பவும் போய்விடுமோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "சின்ன ஊர் தானே, சனம் காணாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கணக்காளராக வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த ஒருவரிப் பதில் போதவில்லை. பழைய வருடங்களைப் புரட்டிப் பார்த்தால், சனத்தொகை இந்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே என்பது தெரியும்.

கதை 1972இல் தொடங்குகிறது. அப்போது உலக ஹொக்கி சங்கம் என்று ஒரு புதிய லீக் உருவானது. அதில் சேர்ந்த வின்னிபெக் ஜெற்ஸ், சிகாகோவின் பெரிய நட்சத்திரமான பொபி ஹல்லை இழுத்து வந்தது. போர்ட்டேஜ் – மெயின் சந்தியில், ஊரே கூடி நிற்க, கையெழுத்து வைபவம் நடந்தது. கைச்சாத்துப் பணம் மட்டும் 10 இலட்சம் டொலர். அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. ஆனால் அதை வின்னிபெக் தனியே கொடுக்கவில்லை. ஹல் வந்தால் லீக்குக்கே மதிப்பு என்று மற்ற அணிகளும் பங்கு போட்டன. சிறிய ஊர் ஒன்று தனித்துச் செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்யலாம் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

1974இல் சுவீடனிலிருந்து அண்டர்ஸ் ஹெட்பேர்க், உல்ஃப் நில்சன் ஆகியோர் வந்தார்கள். ஐரோப்பிய வீரர்களை அப்போது பெரிய லீக் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே மற்றவர்கள் தேடாத இடத்தில் வின்னிபெக் தேடியது. 1976, 1978, 1979 என மூன்று முறை அந்த லீக்கின் கிண்ணம் இங்கே வந்தது.

1979இல் அந்தச் சங்கம் கலைய, எட்மன்டன், கியூபெக், ஹார்ட்ஃபர்ட் ஆகியவற்றோடு வின்னிபெக்கும் தேசிய ஹொக்கி லீக்கில் சேர்ந்தது. சேரும்போதே நல்ல வீரர்கள் பலரை இழக்க வேண்டியிருந்தது. 1980–81 பருவத்தில் 80 ஆட்டங்களில் வென்றவை 9 மட்டுமே. பிறகு டேல் ஹவர்ச்சக் வந்தார், அணி நிமிர்ந்தது. நான் இந்த ஊருக்கு வந்தது 1986இல். அடுத்த வசந்தத்தில் கல்கரி ரசிகர்கள் சிவப்பு அணிந்தார்கள் என்று இங்கே எல்லோரும் வெள்ளை அணிந்து அரங்கை நிரப்பினார்கள். அந்த வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. 1992–93இல் ரீமு செலானி தன் முதல் பருவத்திலேயே 76 கோல் அடித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ஆட்டம் நன்றாக இருந்தது, கணக்குப் புத்தகம் நன்றாக இல்லை. அரங்கு 1955இல் கட்டியது. கம்பனிகள் வாடகைக்கு எடுக்கும் சொகுசு அறைகள் மூலம் மற்ற ஊர்கள் உழைத்த பணம் இங்கே வரவில்லை. ரிக்கெற் விற்பது கனடிய டொலரில், வீரருக்குச் சம்பளம் கொடுப்பது அமெரிக்க டொலரில். 1979இல் எங்கள் டொலருக்கு 85 சதம் அளவில் கிடைத்தது. 1995இல் 73 சதம்தான். அதே காலத்தில் சம்பளங்கள் விண்ணுக்கு ஏறின, உச்சவரம்பு என்று எதுவும் இல்லை. 1991இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அணியின் நட்டத்தை மாகாணமும் நகரமும் சுமந்துவந்தன. அதாவது நாங்கள் வரி கட்டியவர்கள் சுமந்தோம்.

1995 வசந்தத்தில் அணியைக் காப்பாற்ற ஊர் திரண்டது. ஃபோர்க்ஸ் திடலில் பெருங்கூட்டம் கூடியது. பிள்ளைகள் உண்டியல் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு பேணி சுற்றி வந்தது. ஹொக்கியே பார்க்காதவர்களும் அதில் காசு போட்டார்கள். மனம் நெகிழ்ந்தது உண்மை, ஆனால் வருடா வருடம் வரும் நட்டத்தை ஒருமுறை சேர்த்த காசால் அடைக்க முடியாது. பிரியாவிடை நடத்திய பிறகும் ஒரு பருவம் ஆடிவிட்டு, 1996 ஏப்ரல் 28ஆம் திகதி டெற்றொயிற்றிடம் 4–1 எனத் தோற்ற ஆட்டத்தோடு ஜெற்ஸ் ஃபீனிக்ஸுக்குப் போனது. கியூபெக் அணி முந்திய வருடமே டென்வருக்குப் போய், முதல் வருடத்திலேயே ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றது. கியூபெக் மக்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு நடந்ததைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மனிரோபா மூஸ் என்ற இரண்டாம்தர அணி வந்தது. மார்க் சிப்மன் அதைப் பொறுமையாக நடத்தினார். போர்ட்டேஜ் அவெனியூவில் பழைய ஈற்றன்ஸ் கடை இருந்த இடத்தில் 2004 நவம்பரில் புதிய அரங்கு திறந்தது. 15,000 சொச்சம் இருக்கைகள், செலவு 130 மில்லியன் டொலருக்கு மேல். அதில் பெரும்பகுதி தனியார் பணம். அடுத்த வருடம் லீக்கில் சம்பள உச்சவரம்பு வந்தது. ஓர் அணி 39 மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல் செலவழிக்க முடியாது என்றார்கள். வருமானப் பகிர்வும் வந்தது. கனடிய டொலரும் ஏறி 2011இல் அமெரிக்க டொலரைச் சற்று மிஞ்சியே நின்றது. அரங்கு, உச்சவரம்பு, நாணயம் ஆகிய மூன்று ஓட்டைகளும் அடைபட்ட நேரத்தில், டேவிட் தொம்சன் என்ற பெரும் செல்வந்தரும் கூட்டாளியாக இருந்தார்.

2011 மே 31ஆம் திகதி அற்லாந்தா அணியை 170 மில்லியன் டொலருக்கு வாங்கிய செய்தி வந்தது. 13,000 பருவ ரிக்கெற்றுகள் விற்க வேண்டும் என்றார்கள். பொதுவிற்பனை திறந்து 17 நிமிடங்களில் மிச்சம் இருந்த அத்தனையும் போய்விட்டன. அப்போது வின்னிபெக்கும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து சனத்தொகை ஏறக்குறைய 7,30,000. ஐம்பத்தாறு பேருக்கு ஒரு ரிக்கெற்! குழந்தை குட்டி, ஹொக்கி பிடிக்காதவர் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பல மில்லியன் மக்கள் வாழும் அற்லாந்தா இரண்டு அணிகளை இழந்தது: 1980இல் ஒன்று கல்கரிக்கு, 2011இல் ஒன்று எங்களுக்கு. எங்களிடமிருந்து போன அணி 2009இல் வங்குரோத்து நீதிமன்றம் ஏறியது. கடைசியில் 5,000 பேர்கூட அடங்காத பல்கலைக்கழக அரங்கில் ஆடிவிட்டு, 2024இல் யூட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. ஊர் பெரிதென்பதால் மட்டும் அணி நிலைக்காது.

அதற்காக நாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பின் பருவ ரிக்கெற் வைத்திருப்போர் எண்ணிக்கை சரிந்து, 2024 தொடக்கத்தில் ஏறக்குறைய 9,500க்கு வந்தது. சனத்தொகையோ 2021 கணக்கெடுப்பில் 8,34,000ஐத் தாண்டிவிட்டது. ஐம்பத்தாறுக்கு ஒன்று அப்போது எண்பத்தெட்டுக்கு ஒன்று ஆனது. டொலரும் மறுபடி 70 சதம் பக்கம் இறங்கியிருக்கிறது. 2024–25இல் உச்சவரம்பு 88 மில்லியன் அமெரிக்க டொலர். அதை முழுதாகச் செலவழிக்கும் கனடிய அணிக்கு 125 மில்லியன் கனடிய டொலர் வேண்டும். டொலர் ஒரு சதம் சரிந்தால் மேலும் 18 இலட்சம் போகும். இத்தனைக்கும் அதே பருவத்தில்தான் ஜெற்ஸ் லீக்கிலேயே அதிக புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தது. வென்றால் மட்டும் போதாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ரொறொன்ரோவிலும் கல்கரியிலும் கம்பனிகள் வாங்கும் இருக்கைகளை இங்கே குடும்பங்கள் வாங்குகின்றன. மளிகைச் செலவும் வீட்டுக்கடன் வட்டியும் ஏறினால் குடும்பம் முதலில் வெட்டுவது ஹொக்கியைத்தான். 2011இல் வாங்கியவர்களில் பலர் எங்களைப் போல ஓய்வூதியக்காரர் ஆகிவிட்டார்கள். ஜனவரி மாதம் மைனஸ் முப்பதில் இரவு பத்து மணிக்கு வீடு திரும்ப அவர்களுக்கு இனி மனம் வருமா? அவர்களுடைய இருக்கைகளை யார் எடுப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. புதிதாக வந்து குடியேறும் பிலிப்பினோ, பஞ்சாபி, ஆபிரிக்க, தமிழ்க் குடும்பங்கள் அந்த அரங்குக்குள் போனால் கணக்கு நேராகும். அதற்கு ரிக்கெற் விலையும் அவர்களுக்கு எட்டவேண்டும்.

என் முடிவு இதுதான். வின்னிபெக் ஓர் அணியைத் தாங்கும், ஆனால் தனியே தாங்காது. லீக் உச்சவரம்பையும் பகிர்வையும் காக்க வேண்டும், முதலாளி ஆழமான பையோடும் பொறுமையோடும் இருக்க வேண்டும், சனம் வர வேண்டும். இந்த மூன்றில் எங்கள் கையில் இருப்பது கடைசி ஒன்று மட்டும். கியூபெக்கில் 2015இல் அரச பணத்தில் 18,000 பேருக்குப் பெரிய அரங்கு கட்டித் திறந்துவிட்டு இன்னும் தேசிய லீக் அணிக்காகக் காத்திருக்கிறார்கள். ஆகவே நட்டத்தை வரிப்பணத்தால் அடைக்கும் 1991 வழிக்கு மட்டும் யாரும் திரும்பக் கூடாது. அந்த வழியில் பணமும் போனது, அணியும் போனது.